என் கணவரின் குரலுக்கு ஒரு சவுண்ட் காட்

என் கணவர் கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். காலையில் வள்ளங்கள் வந்து சேர்ந்ததும், மணலில் குவித்த பாரையும் சூடையும் முன்னால் கிடக்க, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு விலை கூறத் தொடங்குவார். அலைச்சத்தத்துக்கு மேலால் அந்தக் குரல் போகும். மன்னார்த் தீவில் தோட்டவெளி என்ற ஊரில் எங்கள் வீட்டைத் தேடி வருகிறவர்கள், அவர் வீட்டில் நிற்கிறாரா இல்லையா என்பதை ஒழுங்கை முனையிலேயே அறிந்துவிடுவார்கள்.

ஒரு மாரி காலத்தில் அந்தக் குரல் கம்மியது. கத்திக் கத்தித் தொண்டை புண்ணாகிவிட்டது என்று நினைத்து மல்லித் தண்ணீர் அவித்துக் கொடுத்தேன். தவக்காலம் வரைக்கும் கம்மல் போகவில்லை. பரிசோதித்த டொக்டர்மார் கடைசியில் சொன்னது, புற்றுநோய், குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும் என்று. கழுத்தில் துளை போடுவார்கள், மூச்சு அதன் வழியாகத்தான் போய்வரும், பேச்சு வராது. உயிருக்கு ஆபத்து உண்டா என்று என் கணவர் கேட்கவில்லை. கொஞ்சமும் வராதோ என்று மட்டும் கேட்டார். வராது என்று டொக்டர் தலையை ஆட்டினார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி எங்களை வெளியே மறித்து, ஒப்பரேசனுக்கு முன் அவருடைய குரலைப் பதிந்து வையுங்கோ என்றாள். அன்றாடம் தேவைப்படும் வசனங்களை அவரே சொல்லி, கணினியில் ஒவ்வொரு சாவிக்கும் ஒரு வசனம் என்று கொடுத்துவிட்டால், பிறகு சாவியை அமத்தினால் அவருடைய குரலிலேயே கேட்கலாம். நான் கடற்றொழில் சங்கக் கந்தோரில் தட்டெழுத்து வேலை செய்கிறவள். வீட்டில் பழைய மடிக்கணினி ஒன்று இருந்தது. செய்து பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

அப்போது சோளகம் வீசத் தொடங்கியிருந்தது. காற்றுச் சத்தம் விழாமல் இருக்க அறை யன்னலுக்குள் மெத்தையைச் செருகி, கதவிடுக்கில் சாறனைச் சுருட்டி வைத்தேன். அவர் கதிரையில் சுவரைப் பார்த்தபடி இருந்து, கம்மலோடு ஒவ்வொன்றாகச் சொன்னார். பெரிய விசயங்களைச் சொல்வார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அவர் சொன்னதெல்லாம் சின்னச் சின்ன வசனங்கள். "கறி நல்லா இருக்கு." "அம்மா, சாப்பிட்டியளே?" "கதவு பூட்டியாச்சோ?" "தண்ணி கொஞ்சம் தாங்கோ." "வேண்டாம்." செபமாலைச் செபங்களையும் சொன்னார். "நீங்க போங்கோ, நான் பிறகு வாறன்" என்று ஒன்றைச் சொன்னபோது இது எதுக்கு என்று கேட்டேன். இனிக் கழுத்துத் துளையைத் துடைத்துக் கட்டி வெளிக்கிட அவருக்கு நேரம் எடுக்குமாம், அம்மாவும் நானும் பூசைக்குப் பிந்தக் கூடாதாம்.

நான் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு கேட்டேன். ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் அவர் மூச்சு இழுப்பது கேட்டது. அதில் ஒரு சீழ்க்கை இருந்தது. வெறுங்காதுக்கு அது கேட்காது. அறையில் அவர் எனக்கு எதிரே இருக்க, காதுக்குள் வேறொருவர் அந்தச் சீழ்க்கையோடு மூச்சு விட்டுக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். பிறகு அதை வெட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன். வெட்டவில்லை.

ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்த முதல் நாள் அவர் மேசையில் இருந்து ஒரு சாவியை அமத்த, "அம்மா, சாப்பிட்டியளே?" என்று அவருடைய குரல் மடிக்கணினியிலிருந்து வந்தது. குசினிக்குள் நின்ற மாமி, அவருடைய அம்மா, ஓடி வந்து மகனின் வாயைப் பார்த்தார். வாய் மூடியிருந்தது. மாமி அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஓம் ராசா, சாப்பிட்டன்" என்று கணினிக்குச் சொன்னார். பிறகு பழகிவிட்டோம். அயலில் உள்ளவர்களுக்குத்தான் பழகவில்லை. ஒரு நாள் நண்டு கொண்டுவந்த பெண், "வாங்கோ, இருங்கோ" என்று பழைய குரல் கேட்டு மகிழ்ச்சியோடு உள்ளே வந்தாள். கழுத்தில் துணி கட்டி வாய் மூடி இருந்தவரைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டு, நண்டை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

ஃபோனில் செய்திருக்கலாமே என்று பலர் கேட்டிருக்கிறார்கள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியபின் அவருடைய விரல் நுனிகளில் உணர்ச்சி குறைந்துவிட்டது. ஃபோனின் சின்னக் கட்டங்களில் ஒரு வசனம் தட்டவே அவருக்கு வெகுநேரம் எடுக்கும். பெரிய சாவிகள் உள்ள விசைப்பலகைதான் சரிவந்தது.

உப்புக்காற்று எங்கள் ஊரில் எதையும் விட்டுவைக்காது. அடுத்த வருடம் மடிக்கணினியின் உள்ளே இருந்த ஒலிப்பகுதி செத்துப்போனது. அதைத் திருத்துவதைவிட வெளியே செருகும் சவுண்ட் காட் ஒன்று வாங்குவது நல்லது என்றார்கள். மன்னார் டவுணில் கணினிக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் விரல் அளவில் ஒன்றைத் தந்தார். அது இரைந்தது. மின்விசிறியைப் போட்டால் இன்னும் இரைந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டாவதாகக் கறுப்புப் பெட்டி ஒன்றை வாங்கினேன். பார்வைக்குக் கனமானது, ஒலிபெருக்கியை அதில் பூட்டினால் ஒலியும் தெளிவாக இருந்தது. கணினிக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவில் நின்று பேசுவதற்கு ட்ரைவர் என்ற மென்பொருள் ஒன்றை இணையத்திலிருந்து எடுத்துப் போட வேண்டியிருந்தது. போட்டேன். சில மாதங்கள் ஒரு குறையும் இல்லை.

மறுபடி சோளகம் தொடங்கிய நாட்களில், ஒரு சனிக்கிழமை காலையில் மடிக்கணினி தன்பாட்டில் புதுப்பித்தல் செய்தது. எங்களை ஒன்றும் கேட்கவில்லை. அணைந்து, மறுபடி எழும்பி, வழமைபோல நின்றது. நான் கவனிக்கவில்லை.

மத்தியான நேரம். காற்று மணலை அள்ளி யன்னலில் எறிந்துகொண்டிருந்தது. நான் அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன், மாமி வளவில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். கணவர் சாவியை அமத்தும் சத்தம் கேட்டது.

"தண்ணி கொஞ்சம் தாங்கோ."

வசனம் அதுதான். குரல் அவருடையதில்லை. தடித்து, மெதுவாக, வயிற்றுக்குள்ளிருந்து வந்தது. வசனத்துக்கு முன்னால் வந்த மூச்சும் நீண்டு, சீழ்க்கை போய் ஒரு பெருமூச்சாக இருந்தது. யாரோ ஒரு ஆம்பிளை வீட்டுக்குள் வந்துவிட்டார் என்றே நினைத்தேன். மடித்த சட்டையோடு முன்னறைக்கு வந்தால் என் கணவர் மட்டும் கையைச் சாவியிலிருந்து எடுக்காமல் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வளவுக்குள்ளிருந்து, "இந்தா வாறன்" என்று பதில் வந்தது. மாமியின் வாயிலிருந்து அப்படி ஒரு குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இளம் பெண்ணின் குரல். மாமி செம்பில் தண்ணீரோடு பின்கதவால் வந்தார், மகனைத் தாண்டினார், என்னைத் தாண்டினார், முன்வாசலுக்குப் போய் நின்று செம்பை நீட்டினார். வாசலில் யாரும் இல்லை. காற்று மட்டும் வந்து அவருடைய சேலைத் தலைப்பைத் தூக்கியது. தண்ணீர் ஆடித் தரையில் சிந்தியபிறகுதான் மாமி கையைக் கீழே விட்டார்.

நான் அவரைப் பிடித்துக் கதிரையில் இருத்தினேன். என்ன மாமி என்றேன். மாமி மகனைப் பார்த்துச் சொன்னார்:

"உன்ட அப்பாவின்ட குரல்."

அந்த அப்பாவைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். சண்டை தொடங்கிய காலத்தில் தீவிலிருந்து சனங்கள் வள்ளங்களில் இராமேஸ்வரத்துக்குப் போனபோது, அவர் மனைவியையும் ஆறு வயது மகனையும் ஒரு வள்ளத்தில் ஏற்றிவிட்டார். வள்ளத்தில் இடம் இல்லை. அடுத்ததில் வருவதாகச் சொல்லிக் கரையில் நின்றுவிட்டார். அடுத்த வள்ளம் போய்ச் சேரவில்லை. கவிழ்ந்தது என்று சிலர் சொன்னார்கள், வெளிக்கிடவே இல்லை என்று சிலர். மாமிக்கு அப்போது இருபத்தைந்தும் ஆகவில்லை. அங்கே அகதி முகாமில் மகனை வளர்த்தார். நானும் அதே முகாமில் வளர்ந்தவள்தான், கல்யாணமும் அங்கேதான் நடந்தது. சண்டை முடிந்து திரும்பி வந்து, வீட்டுத் திட்டத்தில் கிடைத்த இந்த வீட்டைக் கட்டினோம். இத்தனை காலத்திலும் மாமி தாலியைக் கழற்றவில்லை. இறந்தவர்களுக்கான திருநாளில் எல்லோரும் சேமக்காலையில் மெழுகுதிரி கொளுத்தும்போது அவர் தன் தாய் தகப்பனுக்கு மட்டும் கொளுத்துவார். கோயிலில் பூசைக்குப் பெயர் கொடுத்தால் புருசனின் பெயரை உயிரோடு இருப்பவர்களின் பக்கத்தில்தான் கொடுப்பார். யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை.

அன்று பின்னேரமே காரணத்தைக் கண்டுபிடித்தேன். புதுப்பித்தலோடு ட்ரைவர் மாறிவிட்டிருந்தது. நான் பதிந்த வேகம் ஒன்று, பெட்டி இப்போது வாசிக்கும் வேகம் அதைவிடக் குறைவு. வேகம் குறைந்தால் குரல் தடிக்கும். பற்றறி இறங்கிய டேப் ரெக்கோடரில் பாட்டுக் கேட்ட எல்லோருக்கும் இது தெரியும். மாமிக்கு இதை விளங்கப்படுத்தினேன். ட்ரைவர் சரியில்லை என்று சொன்னபோது, பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், மெசின் என்று தனக்கும் தெரியும் என்றார். தகப்பனின் குரல்தானே மகனுக்கும் வரும், வயது போனால் இன்னும் தடிக்கும்தானே என்றார். அதோடு பேச்சை விட்டுவிட்டு எழும்பிப் போய்க் கருவாட்டை மூடினார்.

என் கணவர் ஃபோனை எடுத்து, நான் படிக்கும்படி மெல்ல மெல்ல ஒரு வசனத்தைத் தட்டினார். எனக்கு அப்பாவின்ட முகம் ஞாபகம் இருக்கு, குரல் இல்லை.

அந்தக் கிழமை முழுக்க நான் பழைய ட்ரைவரைத் திரும்பப் போட முயன்றேன். போட்டால் கொஞ்ச நேரம் சரியாகும். பிறகு கணினி தானாகப் புதியதை இழுத்துப் போட்டுக்கொள்ளும். அதற்கிடையில் இன்னொரு குறையும் வந்தது. சாவியை அமத்தினால் பெட்டி பேசாது. பத்துத் தரம் அமத்திவிட்டு அவர் எழும்பிப் போய்விடுவார். பிறகு, ஒருவரும் மேசைக்குக் கிட்ட இல்லாதபோது, பெட்டி பேசும்.

"கறி நல்லா இருக்கு" என்று வெறும் முன்னறையிலிருந்து அந்தத் தடித்த குரல் வரும். "கதவு பூட்டியாச்சோ?" என்று பட்டப்பகலில் கேட்கும். ட்ரைவர் இறுகிப்போய் வைத்திருந்ததைப் பிறகு விடுகிறது, அவ்வளவுதான் என்று எனக்கே நான் சொல்லிக்கொள்வேன். ஆனால் மாமி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பூட்டியாச்சு என்பார், இன்னும் கொஞ்சம் போடவோ என்பார். அதில் ஒரு பதற்றமும் இல்லை. நெடுநாளாக அந்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்த பேச்சு ஒன்று எங்களுக்கு இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

பிறகு மாமி மத்தியானங்களில் முழுகிவிட்டு நல்ல சேலை உடுத்தத் தொடங்கினார். சாப்பாட்டு மேசையில் நாலாவது சோற்றுக் கோப்பை வந்தது. நான் எடுத்து வைத்தால் திரும்ப வரும். ஒரு நாள் அதில் சோறும் போட்டிருந்தது. மீன் துண்டின் முள் எடுத்திருந்தது.

மாமியைவிட என் கணவர்தான் எனக்குப் பயம் தந்தார். கந்தோரிலிருந்து நான் வரும்போது அவர் மேசையில் இருந்து சாவிகளை ஒவ்வொன்றாக அமத்திக்கொண்டிருப்பார். எங்களுக்குச் சொல்வதற்காக இல்லை. "அம்மா, சாப்பிட்டியளே?" என்பது அந்தக் குரலில் வரும்போது கண்ணை மூடிக்கொண்டிருப்பார். மகனைப் பெயர் சொல்லி அந்தக் குரல் கூப்பிட வேண்டும் என்று காத்திருந்தாரோ என்னவோ. தன் பெயரை அவர் பதியவில்லை. யார்தான் தன் பெயரைப் பதிந்து வைப்பார்கள்?

எனக்கு அந்த வீட்டில் யாரும் இல்லாததுபோல் ஆகிவிட்டது. அவர்கள் இருவருக்கும் ஒருவர் திரும்பி வந்திருந்தார். என் மனிசனின் குரல் ஒப்பரேசனுக்குப் பிறகு இரண்டாம் தரமும் போய்விட்டது. அழுதால் அதற்கும் அந்தத் தடித்த குரல் ஏதாவது சொல்லிவிடுமோ என்று கிணற்றடியில் போய் அழுதேன்.

சரியான சவுண்ட் காட் ஒன்றை எடுத்தே தீருவது என்று முடிவு செய்தேன். இந்த முறை கடைக்காரரின் பேச்சை மட்டும் நம்பவில்லை. கந்தோரில் வேலை முடிந்தபிறகு இருந்து, இணையத்தில் மற்றவர்கள் எழுதிய முறைப்பாடுகளையெல்லாம் படித்தேன். ஒலி எவ்வளவு அழகு என்று புகழ்கிறவர்களை விட்டுவிட்டு, புதுப்பித்தலுக்குப் பிறகு என்ன நடந்தது என்று எழுதியவர்களை மட்டும் பார்த்தேன். வேறு நாடுகளில் முகம் தெரியாதவர்கள், பெட்டி பேசாமல் நின்றுவிட்டது, குரல் மாறிவிட்டது என்று எழுதியிருந்தார்கள். எல்லோரும் பாட்டுக்காரர்கள். சிலவற்றுக்கு ட்ரைவர் செய்தவர்களே அதைக் கைவிட்டுப் பல வருடம் ஆகியிருந்தது, பெட்டி மட்டும் இன்னும் கடைகளில் விற்கிறது. கடைசியில் எனக்கு விளங்கியது இதுதான். தனக்கென்று ஒரு ட்ரைவரும் கேட்காத காட் வேண்டும். கணினியில் ஏற்கெனவே இருக்கும் பொது ட்ரைவரோடேயே வேலை செய்ய வேண்டும். அப்படியானது சாதாரணமாக இருக்கும், வித்தை ஒன்றும் காட்டாது. நடுவில் யாரும் புகுந்து குழப்பவும் இடம் இராது. சந்தைக்கு நேற்று வந்ததாக இருக்கக் கூடாது. பலர் நெடுநாள் பாவித்து, எழுத ஒன்றும் இல்லாமல் விட்ட ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒரு விடுமுறை நாளில் மடிக்கணினியையும் ஒலிபெருக்கியையும் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் டவுணுக்குப் போனேன். கடைத் தம்பி எல்லாம் ஒன்றுதான் அக்கா என்று வழமைபோலச் சொன்னார். நான் எழுதி வந்த வகையைக் கேட்டேன். அலுமாரியின் அடித்தட்டிலிருந்து தூசி தட்டி ஒன்றை எடுத்தார். வாங்கமுன் இங்கேயே சோதித்துப் பார்க்க வேண்டும் என்றேன். என்ன காரணம் என்று அவர் கேட்டபோது, இது என் கணவரின் தொண்டை என்று சொன்னேன். அவர் ஒரு மேசையைத் துடைத்துத் தந்தார்.

பழைய ட்ரைவரை முழுதாக அழித்தேன். புதிய காட்டைச் செருகினேன். கழற்றிச் செருகினேன். கணினியை அணைத்து அணைத்து எழுப்பினேன். அவருடைய இணையத்திலேயே புதுப்பித்தலையும் செய்யவிட்டுக் காத்திருந்தேன். எல்லாம் முடிந்தபின் ஒரு சாவியை அமத்தினேன்.

"வாங்கோ, இருங்கோ."

அது அவர்தான். சீழ்க்கையோடு மூச்சு இழுத்து, கொஞ்சம் மூக்கால், கம்மலிலும் கரையில் கேட்பதுபோலவே. கடைக்குள் ஃபோனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்த ஒருவர், மீன் வாங்கி அனுப்பும் முதலாளி, சட்டென்று எழும்பித் திரும்பினார். "அண்ணை எங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் ஒலிபெருக்கியைக் காட்டினேன். அவர் கிட்ட வந்து, இன்னொருக்கா போடுங்கோ தங்கச்சி என்றார். போட்டேன். தலை குனிந்தபடி கேட்டார்.

வீட்டுக்கு வந்தபோது இருவரும் முன்னறையில் இருந்தார்கள். நான் இல்லாத நேரம் வீடு பேசாமல் கிடந்திருக்கிறது. புதிய காட்டை மேசையில் வைத்ததும் மாமிக்கு விளங்கிவிட்டது. மத்தியானம் தாண்டியிருந்தும் அவர் நல்ல சேலையில்தான் இருந்தார். மாத்தப் போறியளோ என்று கேட்டார். ஓம் மாமி என்றேன்.

"பழசை ஒருக்காப் போடு பிள்ளை. நான் ஒண்டு கேக்கோணும். கேட்டிட்டு விட்டிடுவன்."

எனக்கு அது விருப்பமில்லை. கணவரைப் பார்த்தேன். அவர் கையால் போடச் சொல்லிக் காட்டினார். கறுப்புப் பெட்டியைச் செருகினேன். கணினி உடனே அதற்குரிய ட்ரைவரைத் தேடி எடுத்தது, எதற்கோ காத்திருந்ததுபோல.

மாமி பெட்டியைப் பார்க்கவில்லை. முன்வாசலுக்குப் போய், திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு, வெளியே பார்த்தபடி கேட்டார்.

"இஞ்சாருங்கோ. எங்க நிக்கிறியள்?"

என் கணவரின் கை சாவிகளுக்கு மேலே நின்றது. எதை அமத்துவார் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு விரல் இறங்கியது. சாவியின் சத்தம் கேட்டது. பெட்டி பேசவில்லை. வெளியே காற்று ஒரு தரம் ஓய்ந்து மறுபடி எழும்பியது. வளவில் வடலி ஓலைகள் உரசின. அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, நாங்கள் மூச்சு விடும் நேரத்தில், அந்த நீண்ட பெருமூச்சு பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

"நீங்க போங்கோ, நான் பிறகு வாறன்."

மாமி அழுவார் என்று நினைத்து நான் அவரைப் பிடிக்கப் போனேன். அவர் அழவில்லை. திரும்பியபோது முகம் சிவந்திருந்தது. அவரை நான் அவ்வளவு கோபத்தில் பார்த்ததே இல்லை.

"அண்டைக்குக் கரையில நிண்டும் இதத்தான் சொன்னவர்" என்றார். "பிறகு, பிறகு எண்டு என்ட வயசெல்லாம் போச்சு. இப்பவும் பிறகோ?"

பிறகு என்னிடம் வந்து, மிகச் சாதாரணமாக, "கழட்டு பிள்ளை" என்றார். கழற்றினேன். மாமி உள்ளே போய் வீட்டுச் சேலையை உடுத்திக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேசையிலிருந்து நாலாவது கோப்பையை எடுத்துக் கழுவி அலுமாரிக்குள் வைத்தார்.

புதிய காட்டைச் செருகினேன். தெரிந்தேதான் அமத்தினீங்களோ என்று கணவரிடம் கேட்டேன். அவர் ஃபோனை எடுத்துத் தட்டினார். தான் அமத்தியது "வேண்டாம்" என்ற சாவியை என்று எழுதியிருந்தார். அம்மாவை நிறுத்தத்தான் நினைத்தாராம். அப்படியானால் மற்றதை முன்னர் எப்போதாவது அமத்தி அது இறுகிக் கிடந்திருக்கும் என்றேன். இல்லை என்று அவர் தலையை ஆட்டினார். குரல் மாறிய நாளிலிருந்து அந்தச் சாவியை மட்டும் தான் தொடவே இல்லை என்று எழுதினார். அவருக்கும் ஒரு ஞாபகம் இருந்திருக்கிறது. குரல் இல்லை, சொல் மட்டும்.

ட்ரைவர் பழுதானால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எடுத்து வாசிக்குமா என்று பிறகு தேடிப் பார்த்தேன். நடக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார், நடக்கவே நடக்காது என்று இன்னொருவர். அதற்குமேல் நான் தேடவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மாமி சுவாமியிடம் போய்ப் புருசனின் பெயரைக் கொடுத்தார். எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று சுவாமி கேட்க, இறந்தவர்களின் பக்கத்தில் என்று தெளிவாகச் சொன்னார். பூசை நடந்த காலையில் தாலியைக் கழற்றிப் பேர்சுக்குள் வைத்துக்கொண்டு வந்தார். அதை மடுமாதாவுக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்றார், ஆவணித் திருநாளுக்குப் போனபோது கொடுத்தோம். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். அப்படி ஒரு நித்திரையை நான் அவரிடம் முகாமிலும் கண்டதில்லை.

என் கணவர் இப்போது கரைக்குப் போகிறார். கூறும் வேலையை வேறொருவர் செய்கிறார். இவர் பக்கத்தில் மேசை போட்டிருந்து எடை பார்த்து, மடிக்கணினியால் நாலு வார்த்தை சொல்கிறார். உப்புக்காற்றுக்குப் பயந்து எல்லாவற்றையும் பொலித்தீனால் சுற்றியிருக்கிறேன். தானாகப் புதுப்பிக்கும் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன். சனங்கள் பழகிவிட்டார்கள். அவர் "ஓம்" என்றால் திரும்பிப் பார்க்காமலே பதில் சொல்கிறார்கள். புதிய காட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அமத்தினால் பேசுகிறது, அமத்தாவிட்டால் சும்மா கிடக்கிறது.

கறுப்புப் பெட்டியை நான் கடைத் தம்பியிடமே கொடுத்துவிட்டேன். உதிரிப்பாகத்துக்கு உதவும் என்று வாங்கி வைத்தார். சில மாதங்களுக்குப் பிறகு ஒரு மத்தியானம், மாமி கோயிலைக் கூட்டிப் பெருக்கப் போயிருந்த நேரம், என் கணவர் மேசை லாச்சிகளை ஒவ்வொன்றாகத் திறந்து தேடிக்கொண்டிருந்தார். என்ன தேடுறியள் என்றேன். அவர் ஃபோனில் தட்டிக் காட்டினார். அந்தப் பெட்டி எங்க?

குடுத்திட்டன் என்றேன்.

அவர் லாச்சியை மெல்லத் தள்ளி மூடினார். கதிரையில் வந்து இருந்தார். பிறகு சாவியைத் தேடி அமத்தினார்.

"சரி" என்றது, அவருடைய குரல்.